கடைசி பஸ்

வீட்டில் ஒரு டாக்டர் இருப்பது பூர்வ ஜன்மப் புண்ணியம் என்று ஊரார் நம்மிடம் சொல்லாத நாளில்லை. நாமும் அதை மறுப்பதில்லை. ஆனால் நமது புதல்வி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த சமயம், பொங்கலுக்கு வீடு வந்தவளைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டுப் பெரியவர் ஓர் எக்ஸ்ரே படத்துடன் நம் திண்ணைக்கு வந்துவிட்டார்.

"இன்னும் எலும்புகளின் பெயரைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தாத்தா" என்றாள் அவள்.

"அதனால் என்ன, அம்மா? இதுவும் எலும்புதானே?" என்று அவர் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

அன்று தொடங்கிய வைத்திய சேவை நாலரை வருஷப் படிப்பும், ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிகிற வரையில் லீவு நாட்களில் தவறாமல் நடந்தது. நமது நாடியும், நமது நாக்கும், நமது இரத்தக் கொதிப்பும் சரீரத்துக்குள் அடங்கிய சொந்த விஷயங்களாக இல்லாமல் குடும்பத்தின் பொதுச் சொத்தாயின. அதைப் பற்றியெல்லாம் இப்போது பிரஸ்தாபிக்கப் போவதில்லை. படித்து முடித்த குழந்தைக்கு முதல் உத்தியோகம் எங்கே என்று தீர்மானிப்பதில் நாம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

நமது வாசம் மன்னார்குடியில். திருவாரூர் தேரழகு என்பதற்கு அடுத்தபடியாக மன்னார்குடி மதிலழகு என்று சொல்வார்களே, அந்த மன்னார்குடிதான். நமது சகதர்மிணியின் கொள்கை மிகவும் எளியது. பெண்ணின் உத்தியோகம் அந்த மதிலுக்குள்ளேயே இருந்தால் மிகவும் நல்லது. மதிலுக்கு வெளியே என்றாலும் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வட்ட மேஜை மகாநாடு கூடிற்று. நாமும் சகதர்மிணியும் நேரிலும், மைத்துனர் சென்னையிலிருந்து செல்பேசி மூலமாகவும் பிரசன்னமானோம். நமது தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வயது 83. மகாநாட்டில் அவருக்கு அங்கத்தினர் அந்தஸ்து கிடையாது. யாருடைய உத்தியோகத்தைப் பற்றிப் பேச்சோ, அவள் வாசற்படியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்று முதல் ஒரு மணி நேரம் எவருக்கும் தோன்றவில்லை.

"அத்தான், இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பேசி வைத்திருக்கிறேன். ட்யூட்டி டாக்டர் வேலை. புதிய கருவிகள் எல்லாம் பார்க்கலாம். மேற்படிப்புப் பரீட்சைக்குப் படிக்கிற வகுப்புகளும் பக்கத்திலேயே" என்றார் மைத்துனர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. புதுக்கோட்டையிலிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை அவர் உதாரணம் காட்டினார். வீட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டுமென்று அந்த அம்மாள் நினைத்திருந்தால் நாட்டின் கதி என்ன என்று கேட்டார். சென்னையில் வாடகை எவ்வளவு என்று சகதர்மிணி கேட்டதும் மைத்துனரின் சரித்திர ஞானம் சற்றுத் தளர்ந்தது.

உள்ளூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்தும் அழைப்பு வந்திருந்தது. அந்த ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரையில் வேலை. சம்பளம் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம். சர்ட்டிபிகேட்டுகளின் அசலை மட்டும் இரண்டு வருஷத்துக்கு அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். "அசலை அடகு வைக்க நான் நகையா?" என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. மகாநாட்டில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அந்த யோசனை அத்துடன் கைவிடப்பட்டது.

மிஞ்சியது சர்க்கார் உத்தியோகம். தமிழ்நாட்டில் உதவி மருத்துவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கென்று 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்பட்டது. அது நடத்தும் பரீட்சையில் வைத்திய சாஸ்திரத்தோடு தமிழிலும் தேற வேண்டும். நமது புதல்வி இரண்டிலும் தேறினாள். தமிழில் தேறியதற்குத்தான் நாம் அதிகமாகப் பெருமைப்பட்டோம். ஆரம்பச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. பரீட்சையில் பெற்ற வரிசை எண்ணின்படி கலந்தாய்வில் முறை வரும்போது, காலியாக உள்ள ஊர்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முறை வந்து உட்கார்ந்தால் சில நிமிஷங்களில் ஊரைச் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்குக்கூட நம்மவர்கள் அதைவிட அதிக அவகாசம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவளுடைய வரிசை எண்ணுக்கு எட்டக்கூடியதாகக் கடைசியில் நின்றவை இரண்டு இடங்கள். ஒன்று கொல்லிமலையில், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால். மற்றொன்று மன்னார்குடியிலிருந்து 14 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். கிராமத்தின் பெயரைச் சொன்னால் நாளைக்கே எதிர்வீட்டுப் பெரியவர் எக்ஸ்ரே படத்துடன் அங்கே போய் நிற்பார். ஆகையால் சொல்லப் போவதில்லை.

மலையில் வேலை பார்த்தவர்களுக்கு மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு. அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பங்கு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அந்த மதிப்பெண் வெறுங்கையால் முழம் போடுகிற சமாசாரம் அல்ல. இந்த விவரங்களை நாம் நன்றாக அறிந்திருந்தோம். அறிந்தும் மகாநாட்டில் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் காலை, வீட்டில் எவரிடமும் சொல்லாமல், நாம் அந்தப் 14 கிலோமீட்டர் கிராமத்துக்குப் பஸ் ஏறினோம். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கணக்கெடுத்தோம். பிரயாணம் 35 நிமிஷம். ஆஸ்பத்திரிக் கட்டடம் நல்ல ஓட்டமான காற்றுள்ள இடத்தில் இருந்தது. வாசலில் இரண்டு வேப்பமரங்கள். புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் மாலை நாலு மணியோடு முடிகிறதென்று பலகையில் எழுதியிருந்தது. டீக்கடைக்காரரை விசாரித்ததில் மன்னார்குடிக்குக் கடைசி பஸ் 6-10-க்கு என்று தெரிந்தது.

அலெக்ஸாண்டர் சிந்து நதியைக் கடந்து திரும்பியபோதுகூட அவ்வளவு பெருமிதத்துடன் திரும்பியிருக்க மாட்டார். கூடத்தில் நின்றபடியே அறிக்கையை வாசித்தோம்: "நாலு மணிக்கு வேலை முடிகிறது. ஆறு பத்துக்குக் கடைசி பஸ். ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து காபி சாப்பிடலாம்!"

சகதர்மிணியின் முகம் மலர்ந்தது. ஊஞ்சல் நின்றது.

"கடைசி பஸ்ஸா?" என்றார் நமது தாயார். வெற்றிலை உரலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். இராத்திரி சாப்பிட வரவில்லை.

அந்த இரண்டு சொற்களுக்கு நம் வீட்டில் என்ன அர்த்தம் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். நாமே அதை மறந்து கூடத்தில் நின்று முழங்கினோமே என்றுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

1975-ம் வருஷம். அப்போது நாங்கள் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். தகப்பனார் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். நமக்கு வயது 11, தம்பிக்கு 8. ஐப்பசி மழை, வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். நடுநிசிக்குமேல் தம்பி எழுந்து வயிறு வலிக்கிறது என்றான். சாயங்காலம் பக்கத்து வீட்டில் கொடுத்த அதிரசத்தை அவன் நாலு தின்றிருந்தான். "அஜீரணந்தான்" என்று தாயார் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார். சிறிது நேரத்துக்கெல்லாம் அவனுக்குக் கண்ணிமை தூக்க முடியாமல் சரிந்தது. தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்தோம். அப்புறம் எச்சில் விழுங்க முடியாமல் திணறினான். பாயை உதறியபோதுதான் அதன் அடியிலிருந்து கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களுடன் ஒன்று நெளிந்து போயிற்று.

ஆரம்ப சுகாதார நிலையம் நாலு மைல். மாட்டு வண்டி சேற்றில் இரண்டு தடவை இறங்கிற்று. போய்ச் சேர்ந்தபோது காவற்காரர் ஹரிக்கேன் விளக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, "டாக்டரு கடைசி பஸ்ஸிலே வீட்டுக்குப் போயிட்டாருங்களே. காலையிலே முதல் பஸ்ஸுக்கு வந்திடுவாரு" என்றார். நர்ஸ் அம்மாள் ஓடி வந்து தம்பியை மடியில் கிடத்திக்கொண்டார். மருந்து இருந்ததோ இல்லையோ, அலமாரிச் சாவி டாக்டரிடம். பொழுது விடிவதற்குச் சற்று முன்னால் தம்பியின் மூச்சு நின்றது.

டாக்டர் ஏழரை மணிக்கு வந்தார். இளைஞர், மீசைகூட முழுவதும் அரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தானாம். வீட்டுக்கு அருகில் வேண்டுமென்று சொல்லி அந்த இடத்தை வாங்கியிருந்தாராம். கையில் அவருடைய தாயார் கட்டிக் கொடுத்த டிபன் காரியர். வாசலில் எங்களைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் நமக்கு மறந்துவிட்டது. மூன்றடுக்குப் பித்தளை டிபன் காரியர் மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் அந்த டாக்டருக்குப் பெயர் கிடையாது. 'கடைசி பஸ்' என்பதே அவருடைய பெயர். பொறுப்பில்லாமல் பாதி வேலையில் போகிறவர்கள் எல்லாரும் கடைசி பஸ் ஆசாமிகள். தகப்பனார் காலமாகிற வரையில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். 50 வருஷமாக வெறுத்த அதே உத்தியோகத்தை, அதே காரணத்துக்காக, நாம் நமது மகளுக்குத் தேடிப் பிடித்துக் கடிகாரம் வைத்துக் கணக்கும் எடுத்து வந்திருந்தோம்.

அன்றிரவு திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தோம். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பாவின் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் விவரமாகச் சொன்னதில்லை. அன்று சொன்னோம். வயிற்று வலி, இமை சரிந்தது, விழுங்க முடியாதது எல்லாவற்றையும் டாக்டர்கள் கேட்கிற தோரணையில் கேட்டுக்கொண்டாள்.

"கட்டுவிரியன், அப்பா. எட்டடி விரியன் என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். இராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. வயிறு வலிக்கிறதென்று எழுந்திருப்பார்கள். அஜீரணம் என்று அப்பாயி நினைத்ததில் தப்பே இல்லை. டாக்டர்களே அப்படி ஏமாந்திருக்கிறார்கள்."

"அந்த மனுஷர் அங்கே இருந்திருந்தால்?" என்று கேட்டோம். 50 வருஷமாக யாரிடமாவது கேட்க வேண்டுமென்றிருந்த கேள்வி அது.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு விவரித்தாள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் தேசத்தில் தயாராகிறது. கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியைக் கெடுத்துவிட்ட பிறகு மருந்தினால் அதை முழுவதும் திருப்ப முடியாது. மூச்சுத் தசைகள் நின்றுபோனால், அவை தாமாக இயங்குகிற வரையில், சில சமயம் நாட்கணக்கில், செயற்கை மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மருந்து இருந்திருக்க வேண்டும், அப்பா. மூச்சுக் கொடுக்கிற பை இருந்திருக்க வேண்டும். அதை அமுக்கிக்கொண்டே தஞ்சாவூருக்குப் போக ஒரு மோட்டார் இருந்திருக்க வேண்டும். அவர் ஒருவர் இருந்து என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை." சிறிது பொறுத்து, "ஒன்று மட்டும் சொல்லலாம். கட்டுவிரியன் கடித்தவர்களுக்குக் கண்ணைத் திறக்க முடியாதே தவிர, வெகுநேரம் வரையில் பிரக்ஞை இருக்கும். காது கேட்கும். டாக்டர் வந்துவிட்டார் என்று யாராவது சொல்லியிருந்தால் சித்தப்பாவுக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

அந்த வண்டியில் நாங்கள் என்ன பேசிக்கொண்டு போனோம் என்று நினைத்துப் பார்த்தோம். வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டு போனோம்.

இராத்திரி தூக்கம் வராமையால், வாசகர்கள் மன்னிக்க வேண்டும், நாம் சில புஸ்தகங்களையும் காகிதங்களையும் புரட்டினோம். மனச்சாட்சிக்கு வக்கீல் வைக்கத்தான்! சர் ஜோஸப் போர் தலைமையில் 1943-ல் நியமிக்கப்பட்ட கமிட்டி 1946-ல் அறிக்கை கொடுத்தது. டாக்டர்கள் பட்டணங்களில் குவிந்திருக்க, கிராமங்கள் வெறுமையாகக் கிடப்பதை அப்போதே அந்த அறிக்கை எடுத்துக் காட்டிற்று. 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர்கள் என்று முதல் கட்டத் திட்டம் வகுத்தது. 1952 முதல் சமூக அபிவிருத்தித் திட்டத்தோடு நிலையங்கள் எழுந்தன. கட்டடம் எழுப்புவது சுலபம். அதற்குள் இராத்திரியில் ஒரு மனிதரை இருத்துவதுதான் கஷ்டம் என்பதை நம் குடும்பம் அறிந்திருக்கிறது.

ஆனால் காலம் மாறாமலும் இல்லை. சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது இன்றைய அளவு. தமிழ்நாட்டில் நர்ஸுகள் முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் நிலையங்களில் இருக்கிறார்கள்; இரவுப் பிரசவங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. பாம்புக்கடி மருந்து நிலையங்களில் இருப்பு வைக்கப்படுகிறது. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் இதைக் கவனிக்கப்படாத வியாதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு பாம்புக்கடியையும் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது.

இவற்றையெல்லாம் காலையில் நமது தாயாரிடம் விளக்கி, "ஆகையால் இப்போது டாக்டர் மாலை பஸ்ஸில் வந்தால்கூட அது அந்தக் காலத்துக் கடைசி பஸ் அல்ல, அம்மா" என்று வாதித்தோம்.

"நர்ஸம்மா அன்னைக்கும் இருந்தாங்களே, தம்பி" என்றார் தாயார்.

சகதர்மிணிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுடைய கோபத்தை அற்பமாக எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த தினத்தில் நமது புதல்வி ஹவுஸ் சர்ஜனாக இரவு முறையில் இருந்தாள். அன்றிரவு முழுவதும் அவளுடைய தாய் அரை மணிக்கு ஒரு தடவை செல்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததும், கடைசியில் பெண் சலித்துக்கொண்டதும், அப்படியும் அவள் நிறுத்தாததும் நமக்குத் தெரியும். "பிள்ளையைப் பறிகொடுத்த வலி எனக்குத் தெரியாது, அத்தை. ஆனால் முன்பின் தெரியாத ஊரில் என் பெண்ணைத் தனியாக இருக்கச் சொல்ல என்னால் முடியாது" என்றாள். இரண்டு தாய்மாரும் சொன்னது நியாயமாக இருந்தபடியால் நாம் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை குறைந்து போயிற்று. மூன்றாம் நாள் கலந்தாய்வுக்குப் புறப்பட வேண்டும். பையை எடுத்து வைத்துக்கொண்டே மகள் சொன்னாள்:

"அப்பா, கொல்லிமலைக்குப் போனால் மதிப்பெண் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை நீங்கள் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்."

நமக்குச் சப்த நாடியும் ஒடுங்கிற்று.

"பரவாயில்லை. நான் இந்தக் கிராமத்தைத்தான் எடுக்கப் போகிறேன். நீங்கள் கடிகாரம் வைத்துப் பார்த்ததற்காக அல்ல. கல்லூரி இருந்த ஊரில் ஒரு கிழவி 'வவுத்தைப் பெசையுது' என்றும் 'மேலுக்கு முடியலை' என்றும் சொன்னபோது பக்கத்திலிருந்த டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அப்பாயி அப்படித்தான் பேசுவார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் எதைச் சொல்லாமல் மறைப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். அதுவும் ஒரு படிப்புத்தானே? ஆனால் அங்கேயே வீடு எடுத்துத் தங்குவேன். பஸ்ஸில் போய்விட்டு வரமாட்டேன்."

"தனியாகவா?" என்றாள் சகதர்மிணி.

"நான் போறேன்" என்று ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. "எனக்கு இங்கே என்ன வேலை? அங்கேயும் வெத்தலை கிடைக்கும்."

83 வயது, இரத்தக் கொதிப்பு, இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் மருமகள், "அத்தைக்குத் தினம் கஞ்சியில் உப்புக் குறைத்துப் போட வேண்டும்" என்று பேத்திக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். மாமியாரும் மருமகளும் முப்பது வருஷத்தில் கருத்து ஒருமித்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒருமித்தது நம்மைப் பற்றிய ஒரு விஷயத்தில். அது இங்கே அவசியமில்லை.

வீடு கிடைப்பதுதான் சிரமமாயிற்று. ஒரு வீட்டுக்காரர் முற்றத்தையும் கிணற்றையும் காட்டி, வாடகையையும் பேசி முடித்த பிறகு, "நீங்கள்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி திசையைப் பற்றியதல்ல என்பது தமிழ் நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கையில் நமது தாயார், "ஆஸ்பத்திரிப் பக்கங்க" என்றார். வீட்டுக்காரர் சிறிது நேரம் அவரைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

2025-ல் அவள் வேலை ஏற்றுக்கொண்டாள். முதல் மாதத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் டாக்டரைப் பார்க்க வந்தவர்களா, டாக்டரோடு வந்திருக்கும் பாட்டியைப் பார்க்க வந்தவர்களா என்பது சந்தேகம். ஐப்பசி பிறந்ததும் நம் வீட்டில் சகதர்மிணி மழையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்குச் செல்பேசி அலறிற்று. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாயார் பேசினார்.

முதல்நாள் இரவு ஒன்றரை மணிக்கு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். வயிற்று வலி. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவளாம். நர்ஸ் கூப்பிட்டதும் பேத்தி ஓடினாளாம். பாட்டியும் டார்ச்சு விளக்குடன் பின்னாலேயே போனாராம். இமையைத் தூக்கிப் பார்த்து, விழுங்கச் சொல்லிப் பார்த்து, உரக்க எண்ணச் சொல்லிப் பார்த்து, மருந்தையும் மூச்சுப் பையையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, 108-க்கும் சொல்லிவிட்டு, விடிகிற வரையில் கால் மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தாளாம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி அதன் காதில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம், அம்மா?" என்றோம், குரல் வராமல்.

"ஒண்ணும் இல்லைடா, தம்பி. வாந்தி எடுத்துச்சு, எந்திரிச்சு உக்காந்துச்சு. மத்தியானம் கலியாண வீட்டிலே அளவில்லாம தின்னிருக்கு. அஜீரணந்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அஜீரணந்தான்" என்றார் மறுபடியும்.

வேறொன்றும் சொல்லாமல் செல்பேசியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். சாயங்காலம் பேத்திக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டாள். நாம் அவள் திரும்பி வரட்டும் என்று தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய வீட்டில் நமக்கு ஓர் ஆசனமும், காலை நீட்டிக்கொள்ள ஒரு தூணும் கிடைத்திருந்தன. எழுந்திருக்க மனம் இல்லை. தாயார் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார்.

"மணி ஆறாகப் போகுது. அவ வர ராத்திரி ஆகும். கிளம்பு. கடைசி பஸ்ஸை விட்டுடாதே" என்றார்.

மருமகளுக்கு வத்தக் குழம்பும் நமக்குத் தயிர் சாதமும் வைத்து ஒரு டிபன் காரியரை நம் கையில் கொடுத்தார். பஸ்ஸில் கூட்டம் இல்லை. நடத்துனர், "டாக்டரம்மா வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மன்னார்குடி வருகிற வரையில் டிபன் காரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.